வீட்டு ஃப்ளைட் சிமுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? முதல்ல எந்த பிளேன் ஓட்டறீங்கன்னு சொல்லுங்க

ஃப்ளைட் சிமுலேட்டர்ல, அதாவது கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டறதுக்கு, யோக் (பிளேன் ஸ்டீரிங்), த்ராட்டில் (பவர் லீவர்), ரட்டர் பெடல், பெரிய மானிட்டர்னு ஒவ்வொண்ணையும் மாசக்கணக்குல ரிவ்யூ பாத்து வாங்கறவங்க, சவுண்டுன்னு வந்தா மட்டும் "எதாவது ஒரு 2.1 (ரெண்டு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) போட்டுக்கலாம்"னு முடிச்சிடறாங்க. இன்னொரு கோஷ்டி நேர் எதிர், ஹால்ல கிடந்த 5.1 ஹோம் தியேட்டரை அப்படியே தூக்கிட்டு வந்து பத்துக்கு பத்து ரூம்ல அடைச்சு வச்சுட்டு, கால் வைக்கற இடமெல்லாம் ஒயரா கிடக்கும். ரெண்டு பேரும் செஸ்னாவை (ஒத்த இன்ஜின் குட்டி பிளேன்) ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா கடைசியில கேக்கறது ஒரு மிக்ஸி சத்தம்தான்.

ஏன்னா பிளேன் சத்தம்னு நாம பொதுவா சொல்றது மூணு வேற வேற சமாச்சாரம். ஏடிசி (தரையில இருந்து வழி சொல்ற கன்ட்ரோலர்) பேசறது, காக்பிட் கால்அவுட் (பிளேனே உயரத்தை எண்ணிச் சொல்ற குரல்), வார்னிங் இதெல்லாம் ஒண்ணு, இது தெளிவா காதுக்கு வரணும். இன்ஜினும் காத்து இரைச்சலும் ரெண்டாவது, இது ரூம்ல நிறைஞ்சு இருக்கணும். மூணாவது அதிர்வு, இதுக்கும் காதுக்கும் சம்பந்தமே கிடையாது, சீட்டு வழியா முதுகுக்கும் தொடைக்கும் வரணும். இந்த மூணையும் ஒரே பெட்டியில வாங்கப் பாத்தா பெட்டி பெருசாகும், காசும் போகும், மூணுமே அரைகுறையா இருக்கும். பிரிச்சு வாங்கினா மூணுக்குமே சின்ன சாமான் போதும், என்னோட கட்சி இதுதான்.

சரி, எந்த பிளேன்னு ஏன் கேக்கறேன்னா, ஒவ்வொரு பிளேனும் கத்தற ஸ்தாயி வேற. சும்மா சொல்லல, கணக்கு போட்டே பாக்கலாம். செஸ்னா 172 எடுத்துக்கோங்க, நாலு சிலிண்டர் லைக்கமிங் இன்ஜின், ரெண்டு பிளேடு ப்ரொப்பெல்லர். 2400 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 2400 சுத்து, ஓடுதுன்னா நொடிக்கு 40 சுத்து. நாலு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஒரு சுத்துக்கு ரெண்டு சிலிண்டர் வெடிக்கும், அப்ப நொடிக்கு 80 வெடி. ப்ரொப்பெல்லர்லயும் ரெண்டு பிளேடு, அதுவும் நொடிக்கு 80 தடவை காத்தை வெட்டும். அதனால க்ரூஸ்ல (மேல ஏறி சீரா பறக்கறப்ப) செஸ்னாவோட அடிநாதம் 80 ஹெர்ட்ஸ். ஐடில்ல 700 ஆர்பிஎம்க்கு இறக்கினா அதே கணக்குல 23 ஹெர்ட்ஸ் பக்கம் வந்துடும், ஃபுல் த்ராட்டில் 2700ல 90. இப்ப உங்க டேபிள்ல இருக்கற ரெண்டு இன்ச் யூஎஸ்பி ஸ்பீக்கர் 100க்கு கீழ வாயே திறக்காதுன்னா, செஸ்னாவோட அடிநாதம் மொத்தமும் காணாம போய் மேல இருக்கற கிர்ர்ர் மட்டும்தான் உங்களுக்கு வருது. மிக்ஸி சத்தம் வர்றதுக்குக் காரணம் இவ்வளவுதான், சிமுலேட்டர் மேல தப்பே இல்ல.

ஏடிஆர் 72 (ரெண்டு ப்ரொப்பெல்லர் வச்ச பயணிகள் பிளேன்) ஓட்டறவங்களுக்கு கதை வேற. தூத்துக்குடி, சேலம் போற இண்டிகோல ஏறி இருந்தா அந்த ம்ம்ம்னு வர்ற சத்தம் ஞாபகம் இருக்கும். ஆறு பிளேடு, டேக்ஆஃப்ல 1200 ஆர்பிஎம், அப்ப நொடிக்கு 20 சுத்து, ஆறால பெருக்கினா 120 ஹெர்ட்ஸ். க்ரூஸ்ல 82 சதவீதத்துக்கு இறக்கிடுவாங்க, அது 98 ஹெர்ட்ஸ். ஒரு நல்ல நாலு இன்ச் ஸ்பீக்கரே இதை அழகா பாடிடும், சப்வூஃபர் தேவையே இல்ல.

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 ஜெட் ஆளுங்களுக்கு இன்னும் செலவு கம்மி. காக்பிட்டுக்கு ரொம்ப தூரம் பின்னால இறக்கைக்கு அடியில இருக்கு இன்ஜின், முன்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு பெரும்பாலும் கேக்கறது ஏவியானிக்ஸ் (பிளேனோட எலக்ட்ரானிக்ஸ்) கூலிங் ஃபேனும் மூக்குல மோதற காத்தும்தான், உஸ்ஸ்ஸ்னு ஒரே சீரா. உங்களுக்கு முக்கியம் மிட்ரேஞ்ச், அதாவது நடு ஸ்தாயி. ஏ320 லேண்டிங்ல "ஃபிஃப்ட்டி, ஃபார்ட்டி, தர்ட்டி, ட்வென்ட்டி, ரிட்டார்ட்"னு பிளேன் சொல்றப்ப ஒவ்வொரு எழுத்தும் பிசிறில்லாம வரணும். பேஸ் ஏத்தி வச்ச ஸ்பீக்கர்ல இதுதான் முதல்ல கெட்டுப்போகும்.

ஹெலிகாப்டர்காரங்க பாடுதான் கஷ்டம். ராபின்சன் ஆர்44 மெயின் ரோட்டார் நிமிஷத்துக்கு சுமார் 400 சுத்து, ரெண்டு பிளேடு, அப்ப நொடிக்கு 13 தடவைதான் அடிக்குது. மனுஷன் காதே 20ல இருந்துதான் ஆரம்பிக்கும். 13 ஹெர்ட்ஸை எந்த காம்பாக்ட் ஸ்பீக்கரும் குடுக்காது, குடுத்தாலும் காதுக்கு ஏறாது. உங்களுக்கு வேண்டியது ஸ்பீக்கரே இல்ல, சீட்டுக்கு அடியில போடற ஷேக்கர். அதுக்கு பின்னாடி வர்றேன்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி மொபைல்ல ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டுக்கோங்க, எதுவா இருந்தாலும் ஓகே, கூடவே ஒரு ஆக்ஸ் கேபிள், மொபைல்ல ஈக்வலைசர் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்த கடையில கேட்டாலும் முதல்ல ஒரு குத்துப்பாட்டைப் போட்டு பேஸ் நாப்பை கடைசி வரைக்கும் திருகிடுவாங்க, கவுன்ட்டர் கண்ணாடியே அதிரும், "பாத்தீங்களா சார்"னு நம்ம மூஞ்சியைப் பாப்பாங்க. அந்த அதிர்வு பெரும்பாலும் 100, 120 ஹெர்ட்ஸ்ல வேணும்னே தூக்கி வச்ச ஒரு மேடு. "அண்ணே, நாப்பை நடுவுல வைங்க, நான் ஒண்ணு போட்டுப் பாக்கறேன்"னு சொல்லி 120 ஹெர்ட்ஸ் போடுங்க, அப்புறம் 100, 80, 60, 50. ஒவ்வொண்ணா இறங்க இறங்க சத்தம் கொஞ்சம் குறையத்தான் செய்யும், நம்ம காது கீழ் ஸ்தாயில மந்தம், அது இயற்கை. நீங்க கவனிக்க வேண்டியது வேற. 60ல சுத்தமா உம்ம்ம்னு வருதா, இல்ல பின்னாடி ஓட்டை வழியா புஸ்புஸ்னு காத்து வருதா, பெட்டி கடகடங்குதா, இறங்க வேண்டிய ஸ்வரம் இறங்காம மேல ஏதோ ஒண்ணா மாறிக் கேக்குதா? 80 வரைக்கும் சுத்தமா இறங்கினா செஸ்னாவுக்கு பாஸ். 60ம் வந்தா ரொம்ப நல்லது. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார், பாத்துட்டு போகட்டும்.

வாட்ஸ் விஷயத்துல பெட்டி மேல போட்டிருக்கற நம்பரை நம்பாதீங்க. பிஎம்பிஓன்னு ஆயிரக்கணக்குல போட்டிருந்தா அது வெறும் அலங்காரம், ஆர்எம்எஸ் (தொடர்ந்து குடுக்கற நிஜ வாட்ஸ்) எவ்வளவுன்னு கேளுங்க. டேபிள்ல உக்காந்து ரெண்டு மூணு அடி தூரத்துல கேக்கறதுக்கு சைடுக்கு 15, 20 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாராளம். வாட்ஸை ரெண்டு மடங்கு ஆக்கினாலும் கூடறது 3 டெசிபல்தான், காதுக்கு "கொஞ்சம் கூடின மாதிரி இருக்கு"ன்னு தோணற அளவு. 200 வாட்ஸ் வாங்கிட்டு வால்யூமை 10 சதவீதத்துல வச்சு ஓட்டறதுல என்ன லாபம்?

இப்ப என்ன வாங்கறது. இடம் ரொம்பக் கம்மி, ஏர்பஸ் மட்டும்தான் ஓட்டுவேன்னா கிரியேட்டிவ் பெபிள் மாதிரி யூஎஸ்பி பவர்ல ஓடற குட்டி உருண்டையே சமாளிச்சிடும், மேல்நோக்கி சாஞ்சிருக்கறதால பேச்சு நேரா காதுக்கு வரும். செஸ்னா, பைப்பர், ஏடிஆர்னு கலந்து ஓட்டறவங்களுக்கு நான் சொல்றது மூணரை அல்லது நாலு இன்ச் ஆக்டிவ் ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளயே இருக்கறது) ஒரு ஜோடி. எடிஃபயர் ஆர்1280டி நாலு இன்ச், மொத்தம் 42 வாட்ஸ் ஆர்எம்எஸ், ப்ரிசோனஸ் ஈரிஸ் 3.5 இன்னும் கொஞ்சம் சின்ன பெட்டி. இந்த சைஸ்ல எது வாங்கினாலும் மேல சொன்ன டோன் டெஸ்ட்ல பாஸ் ஆகட்டும், பிராண்ட் ரெண்டாவது.

2.1 வேணவே வேணாம்னு சொல்லல, ஆனா விலை கம்மி 2.1ல ஒரு சிக்கல் இருக்கு. சாட்டிலைட் ஸ்பீக்கர் (ரெண்டு பக்கமும் வைக்கறது) ரொம்பக் குட்டியா இருக்கறதால 150, 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் எல்லாத்தையும் சப்வூஃபர் தலையில கட்டிடுவாங்க. ஆம்பளை குரலோட அடிப்பகுதியும் அதுக்குள்ள வந்துடும். 80க்கு கீழ இருக்கற சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு காதால கண்டுபிடிக்க முடியாது, அதனால சப்பை எங்க வேணா வைக்கலாம், ஆனா 200னா நல்லாவே தெரியும். டேபிளுக்கு அடியில சப்பை வச்சா "புல் அப்"னு எச்சரிக்கை குரல்ல பாதி கால்மாட்டுல இருந்து வரும், ரொம்ப எரிச்சலா இருக்கும். லாஜிடெக் இசட்623 மாதிரி பெரிய சாட்டிலைட் இருக்கற 2.1னா இந்தத் தொல்லை கம்மி, ஆனா அந்த சப் டேபிளுக்கு அடியில கால்வாசி இடத்தைப் பிடிச்சுக்கும், ரட்டர் பெடல் இருந்தா முட்டும், முதல்ல டேப் வச்சு அளந்துக்கோங்க. சவுண்ட்பார் பத்தி கேப்பாங்க. மானிட்டருக்கு அடியில வச்சா அதுக்கு முன்னாடி யோக், த்ராட்டில் குவாட்ரன்ட் எல்லாம் மறைச்சுக்கிட்டு நிக்கும், பாதி சத்தம் அதுலயே மோதிப் போயிடும். விட்டுடுங்க.

ப்ளூடூத் வேணாம். சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கர்ல கால் நொடிக்குக் கொஞ்சம் முன்ன பின்ன லேட் வரும், பாட்டுக்கு அது தெரியாது, ஆனா வீல் தரையைத் தொட்டு கேமரா குலுங்கி முடிச்ச பிறகு டொக்குனு சத்தம் வந்தா லேண்டிங் சுகமே போச்சு. ப்ளூடூத் ஹெட்செட் அதைவிட மோசம், மைக்கை ஆன் பண்ண உடனே விண்டோஸ் அதை கால் மோடுக்கு மாத்திடும், மொத்த சத்தமும் பழைய லேண்ட்லைன் தரத்துக்கு இறங்கிடும். ஒயர் போடுங்க.

வைக்கற இடம்: ட்வீட்டர் (மேல் ஸ்தாயி பாடற குட்டி ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வரணும், ரெண்டு ஸ்பீக்கரும் உங்களைப் பாத்து லேசா திரும்பி இருக்கணும். மூணு மானிட்டர் செட்டப்னா ஸ்பீக்கரை மானிட்டருக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கற ஆசை வரும், வைக்காதீங்க, மேல ஷெல்ஃப் அடிச்சு கீழ்நோக்கி சாய்ச்சு வைங்க. யோக் பிடிச்சிருக்கற அதே பலகையில ஸ்பீக்கரை நேரா வச்சா பலகையும் சேந்து பாடும், அடியில கொஞ்சம் ஃபோம் இல்லன்னா ரப்பர் ஷீட் போடுங்க. சுவர் மூலையில தள்ளி வச்சா பேஸ் தானா கூடும், சின்ன ஸ்பீக்கருக்கு அது இலவச லாபம், சப்புக்கு அது கீழ் வீட்டோட சண்டை.

அந்த சண்டை நிஜமாவே வரும். வாட்சிம்ல (நிஜ ஆளுங்களே கன்ட்ரோலரா பேசற ஆன்லைன் நெட்வொர்க்) பறக்கறவங்களுக்குத் தெரியும், யூரோப்ல கன்ட்ரோலருங்க கூட்டமா ஆன்லைன் வர்றது அவங்க சாயங்காலம், ராத்திரி 7 மணி ஜூலுன்னா (யூடிசி நேரம்) நமக்கு நடுராத்திரி 12:30. அந்த நேரத்துல அப்பார்ட்மென்ட்ல சப்வூஃபர் போட்டு லண்டன் ஹீத்ரோல இருந்து டேக்ஆஃப் பண்ணா அசோசியேஷன் க்ரூப்ல மெசேஜ் வராம இருக்குமா. சப்புக்குப் போடற காசை ஷேக்கர்ல போடுங்கன்னு நான் சொல்றதுக்குப் பாதி காரணம் இதுதான்.

அதுக்கு முன்னாடி ஹெட்செட்டை முடிச்சுடறேன். நிஜ செஸ்னாக்குள்ள யாரும் ஏடிசியை ஸ்பீக்கர்ல கேக்கறது வழக்கம் இல்ல, இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் புரியாது, ஹெட்செட் போட்டுத்தான் ஓட்டுவாங்க. அதே மாதிரி ஏடிசி மட்டும் ஹெட்செட்லயும் மத்த எல்லாம் ஸ்பீக்கர்லயும் வந்தா, அந்த ஒரு மாத்தமே நீங்க வாங்கின எந்த ஸ்பீக்கரையும் விட அதிகமா காக்பிட் உணர்வைக் குடுக்கும். விலை கம்மியான யூஎஸ்பி ஹெட்செட் போதும், ஏடிசி ரேடியோ குரலே நிஜத்துல 300ல இருந்து 3000 ஹெர்ட்ஸ் சுத்திதான், அதைக் கேக்க ஆடியோஃபைல் ஹெட்ஃபோன் எதுக்கு. காதை முழுசா மூடாத டைப்பா பாருங்க, அப்பதான் வெளிய இன்ஜின் சத்தமும் கேக்கும். வாட்சிம் க்ளையன்ட்ல அவுட்புட்டை ஹெட்செட்டுக்கு மாத்துங்க, சிமுலேட்டருக்கு ஸ்பீக்கர். எந்த ஆப்போட சத்தம் எங்க போகணும்னு விண்டோஸ் 10, 11 ரெண்டுலயும் வால்யூம் செட்டிங்ஸ்ல தனித்தனியா வைக்கலாம்.

இதுல நிறைய பேரை அலைய விட்ட ஒரு செட்டிங் இருக்கு. ஏடிசி பேச ஆரம்பிச்ச உடனே இன்ஜின் சத்தம் திடீர்னு பம்மிடும், ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சு கடைக்குத் தூக்கிட்டு போவாங்க. கோளாறே இல்ல. விண்டோஸோட பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனல்ல கம்யூனிகேஷன்ஸ்னு ஒரு டேப் இருக்கும், கால் வந்தா மத்த சத்தத்தை 80 சதவீதம் குறைக்கறதுதான் அதுல டிஃபால்ட். கடைசி ஆப்ஷன், எதுவும் செய்யாதேங்கறதைப் போட்டா தீந்தது.

இப்ப ஷேக்கர். பேஸ் ஷேக்கர்னா கோன் இல்லாத ஸ்பீக்கர்னு வச்சுக்கோங்க, உள்ள ஒரு எடை ஆடும், அது எதுல முடுக்கி இருக்கோ அதையே ஆட்டும். டேட்டன் ஆடியோ டிடி25 உள்ளங்கை அளவு, பிஎஸ்டி-1 கொஞ்சம் பெருசு, 50 வாட்ஸ், 4 ஓம். பட்கிக்கர் இதுலயே பெரிய பேர், விலையும் பெருசு. அமெரிக்கால இருந்து வர்ற சொந்தக்காரங்க கிட்ட சொல்லி வாங்கறதா இருந்தா ஆம்ப் அடாப்டர்ல 100-240 வோல்ட்னு போட்டிருக்கான்னு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. வெறும் 120னு இருந்தா இங்க 230ல சொருகின அடுத்த நொடி புகைதான்.

டிடி25 ஒண்ணுக்கு கையடக்க க்ளாஸ் டி ஆம்ப் போதும், ஃபோசி ஆடியோ பிடி20ஏ மாதிரி. கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு சொருகி அதுல இருந்து ஆம்புக்கு, ஆம்புல இருந்து ஷேக்கருக்கு. வாய்ஸ்மீட்டர் பனானான்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, சிமுலேட்டர் சத்தத்தை ஸ்பீக்கருக்கும் இந்த சவுண்ட் கார்டுக்கும் ஒரே நேரத்துல காப்பி பண்ணி அனுப்பும். ஷேக்கர் பக்கத்துக்கு மட்டும் ஈக்வலைசர் ஏபிஓ மாதிரி ஒண்ணுல 80 ஹெர்ட்ஸுக்கு மேல வெட்டிடுங்க. இதைப் பண்ணாம விட்டா சீட்டு பேசும். நிஜமா, கால்அவுட் குரல் உக்காந்திருக்கற இடத்துல இருந்து முணுமுணுன்னு வரும், வீட்ல இருக்கறவங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. டிசிஎஸ் (போர் விமான சிமுலேட்டர்) ஓட்டறவங்களுக்கு சிம்ஷேக்கர் மாதிரி தனி சாஃப்ட்வேர் இருக்கு, அது சத்தத்தைக் காப்பி அடிக்காம பிளேனோட டேட்டாவைப் படிச்சு அதிர்வை உருவாக்கும், அது இன்னும் சுத்தமா இருக்கும்.

மாட்டறது எப்படின்னா, ஆஃபீஸ் சேர் குஷனுக்கு அடியில நாலு போல்ட் இருக்கும் பாருங்க, அந்த ஓட்டைக்கு ஏத்த மாதிரி 12 எம்எம் ப்ளைவுட் ஒரு துண்டு வெட்டி அதுல ஷேக்கரை இறுக்கி, பலகையை சேரோட சேத்து முடுக்கணும். ஃபோம்ல ஒட்டினா வேலைக்கு ஆகாது, ஃபோம் எல்லாத்தையும் குடிச்சிடும். ஸ்ப்ரிங் வாஷர் போடுங்க, இல்லன்னா நாள் போகப் போக நட்டு லூஸாகி ஜிர்ருனு ஒரு சத்தம் வரும், அதைத் தேடறதுக்குள்ள உசுரு போயிடும். சேர் சக்கரத்துக்கு அடியில தடியா ஒரு ரப்பர் மேட். இவ்வளவு பண்ணா கீழ் வீட்டுக்குப் பெருசா ஒண்ணும் போகாது, ஆனா உங்களுக்கு ஐடில்ல அந்த 23 ஹெர்ட்ஸ் குலுக்கல் தொடையில வரும். டெல்லி மாதிரி கேட் 3 (அடர்ந்த பனிமூட்டத்துலயும் இறங்க வசதி இருக்கற) ரன்வேல சென்டர்லைன் லைட்டு 15 மீட்டருக்கு ஒண்ணு வீதம் பதிச்சிருப்பாங்க, 130 நாட் வேகத்துல நோஸ்வீல் அது மேலயே ஓடினா நொடிக்கு நாலஞ்சு தடவை டக்டக்டக்டக்னு முதுகுல தட்டும், அந்த எஃபெக்ட் உங்க சிமுலேட்டர்லயோ ஆட்ஆன்லயோ இருந்தா. நிஜ பைலட்டுங்க ஏன் லேசா ஓரமா தள்ளி ஓட்டறாங்கன்னு அப்ப புரியும். விஆர் ஹெட்செட் போட்டு ஓட்டறவங்களுக்கு ஸ்பீக்கரே அவசியம் இல்ல, காதுல சத்தம் அதுலயே வந்துடும், நேரா ஷேக்கருக்குப் போயிடுங்க.

எல்லாத்தையும் இணைச்ச பிறகு ஸ்பீக்கர்ல உய்ய்னு ஒரு ஹம் வந்தா பயப்படாதீங்க. கம்ப்யூட்டர் ஒரு ப்ளக்லயும் ஆம்ப் வேற சுவர்லயும் இருந்தா ஏர்த்திங் வழியா அது வரும். எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாத்துங்க, பாதி கேஸ் அங்கயே சரியாயிடும். ஆகலன்னா ஸ்பீக்கர்ல ஆப்டிகல் இன்புட் இருந்தா அதுல குடுங்க, இல்லன்னா க்ரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு குட்டியா ஒண்ணு விக்கறாங்க, ஆனா மட்டமான ஐசொலேட்டர் பேஸைத் தின்னும், ஷேக்கர் லைன்ல மட்டும் அதைப் போடாதீங்க. ஹம்முக்காக மூணு பின் ப்ளக்ல ஏர்த் பின்னைக் கழட்டச் சொல்ற ஆளு கண்டிப்பா ஒருத்தர் வருவார், அவர் பேச்சைக் கேக்காதீங்க, ஷாக் அடிச்சா யார் பாக்கறது.

கடைசியா லெவல் வைக்கறது. செஸ்னா 172ல ஸ்டால் (வேகம் குறைஞ்சு இறக்கை தூக்க முடியாம போறது) வார்னிங்குக்கு கரண்ட்டே கிடையாது, இடது இறக்கையோட முன் விளிம்புல ஒரு ஓட்டை, காத்து அதுல உறிஞ்சப்படறப்ப உள்ள இருக்கற ரீட் பீப்பீன்னு ஊதும். சிமுலேட்டர்ல 4000 அடிக்கு ஏறி, ஃபுல் பவர் வச்சு மூக்கைத் தூக்கிக்கிட்டே போங்க. ஸ்டால் ஆகறதுக்கு அஞ்சு பத்து நாட் முன்னாடியே அந்த ஊதல் ஆரம்பிக்கணும், ஃபுல் பவர் இன்ஜின் இரைச்சலுக்கு நடுவுல, ஹெட்செட் போட்டபடியே, ஷேக்கர் குலுக்கிட்டு இருக்கறப்பவே அது தெளிவா கேக்கணும். கேக்கலன்னா மாஸ்டர் வால்யூமைத் தொடாதீங்க, சவுண்ட் மெனுல இன்ஜின் ஸ்லைடரை மட்டும் அஞ்சஞ்சா இறக்குங்க, அப்பவும் பத்தலன்னா வார்னிங் ஸ்லைடரை ஏத்துங்க, திரும்ப ஏறி திரும்ப ஸ்டால் பண்ணிப் பாருங்க.